கடை பார்க்கக் கடல் கடக்கும் பிள்ளைகள்

வணிக மேலாண்மை படிக்கும் மாணவர்களைச் சில நாட்கள் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று அழைத்துச் சென்று அங்குள்ள கடைகளைக் காட்டுவது இப்போது பல கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. செலவு சிறியதல்ல. "கடையைப் பார்க்க விமானம் ஏற வேண்டுமா? நம்ம தெருவில் கடை இல்லையா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே.

பூவம், காரைக்கால் பகுதிக்கு வணிகப் பயணம் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்கால், புதுச்சேரி முஸ்லிம்கள் சைகோன் சென்று ஜவுளிக் கடைகள் நடத்தினார்கள். அந்நகரின் டோங் டு தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. அன்று தொழிலைக் கடையில் நின்றே கற்றார்கள். அதற்கு ஆண்டுகள் பிடித்தன. இன்றைய மாணவனுக்குக் கிடைப்பதோ சில நாட்கள்தான்.

கற்க வேண்டிய அவசியமும் கூடியிருக்கிறது. புதுச்சேரி பகுதியில் விற்பனை வரி குறைவாக இருந்ததால் முன்பு பல பொருள்கள் இங்கே மலிவு. எல்லைக்கு அப்பாலிருந்தும் வந்து வாங்கினார்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் பெரும்பாலான பொருள்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இனி வாடிக்கையாளரை வரவழைக்க வேறு காரணம் வேண்டும்.

கடையைப் பார்த்து என்ன கற்க முடியும்? டொயோட்டா நிறுவனத்தின் தைச்சி ஓனோ 1956-ல் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளைப் பார்க்கச் சென்றார். அவர் மனத்தில் அதிகம் பதிந்தது அங்கிருந்த சூப்பர் மார்க்கெட். வாடிக்கையாளர் தேவையானதை எடுக்கிறார். எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரி மீண்டும் நிரப்பப்படுகிறது. இதே முறையில் உதிரிபாகங்களைத் தேவைக்கேற்பத் தயாரித்தால் சரக்கு தேங்காது என்பதை டொயோட்டாவில் வளர்த்தெடுத்தார். அமெரிக்கா போகுமுன்பே அந்த முறையைப் பற்றி ஆராய்ந்து வந்தவர் அவர். கேள்வியோடு போனதால் பதிலை அடையாளம் கண்டார்.

கேள்வி இல்லாமல் போனால் வெறும் வியப்புதான் மிஞ்சும். சிங்கப்பூரில் நன்யாங் பாலிடெக்னிக் வளாகத்தில் 2017-ல் 'சியர்ஸ்' நிறுவனம் பணியாளர் இல்லாத, ரொக்கம் வாங்காத கடையைத் திறந்தது. ஆள் பற்றாக்குறையும் அதிகக் கூலியும் உள்ள நாட்டுக்கு அது பொருந்தும். அமெரிக்காவில் அமேசான் 2018-ல் திறந்த கடையில் பொருளை எடுத்துக்கொண்டு அப்படியே வெளியேற முடிந்தது; கேமராக்கள் கணக்கிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டன. அதே அமேசான் 2024-ல் தன் 'ஃபிரெஷ்' மளிகைக் கடைகளிலிருந்து இந்த முறையை அகற்ற முடிவு செய்தது. இவற்றைப் பார்க்கும் மாணவன் கேட்க வேண்டியது, "இது எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது? அந்தச் சிக்கல் நம் ஊரில் உண்டா?" என்பதே.

நம் ஊரில் உள்ள சிக்கலுக்கு ஓர் உதாரணம், "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகை. வெளிநாட்டுப் பெரிய கடைகளில் பொருளைத் திருப்பித் தருவதற்கென்றே தனி இடம் இருக்கும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் வியக்கிறார்கள். ஆனால் குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நம் மதரஸாக்களில் 'கியாருல் ஐப்' என்ற பாடமாக நூற்றாண்டுகளாக ஓதி வருகிறோம். நமது நாட்டின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், ரசீதில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை நியாயமற்ற வணிக நடவடிக்கை என்கிறது. திரும்பி வந்த பொருளை அந்தக் கடைகள் என்ன செய்கின்றன, நட்டத்தை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டு அறிந்து வந்தால், அது நம் கடைத்தெருவுக்கு நேரடிப் பயன்.

எனவே பணம் கட்டுமுன் கல்லூரியிடம் விசாரியுங்கள். கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேச நேரம் உண்டா? கிடங்கையும் கொள்முதல் முறையையும் காட்டுவார்களா? எத்தனை நாள் கடைகளில், எத்தனை நாள் சுற்றுலாத் தலங்களில்? பதில் திருப்தி தராவிட்டால் மறுப்பதில் தவறில்லை. கடன் வாங்கி அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை.

அனுப்புவதாக இருந்தால், புறப்படுமுன் தெரிந்த மளிகைக் கடையிலோ ஜவுளிக் கடையிலோ சில நாட்கள் உட்கார வையுங்கள். எது தேங்குகிறது, வந்தவர் ஏன் வாங்காமல் போகிறார் என்று குறித்துக்கொள்ளட்டும். திரும்பியதும் அதே கடைக்காரரிடம் போய், பார்த்ததில் ஒன்றையாவது செய்து பார்க்கட்டும். இன்ஷா அல்லாஹ், செலவழித்த பணத்துக்குப் பலன் அங்கே தெரியும்.