அரை விநாடிக்காக இடது காலை விட்டுக்கொடுக்கலாமா?

2013-ல் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் போர்ஷே தன் புதிய 911 ஜிடி3 காரைத் திரை விலக்கிக் காட்டியபோது, ரசிகர்கள் தேடிய ஒரு பொருள் அதில் இல்லை. கிளட்ச் பெடல்! 1999 முதல் ஜிடி3 என்றாலே மேனுவல் கியர்தான். பந்தயத் தடத்துக்கென்றே செதுக்கப்பட்ட அந்தக் காரில் முதன்முறையாக ஆட்டோமேட்டிக் மட்டும்தான் உண்டு என்றார்கள். தடத்தில் அதுதான் வேகம் என்பது நிறுவனத்தின் கணக்கு. கணக்கு சரி, வாடிக்கையாளர்கள்தான் ஒப்பவில்லை. 2016-ல் மேனுவல் கியரோடு மட்டும் 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் போர்ஷே தயாரித்தது. அவை கைமாறிய விலை அசல் விலையைப் பல மடங்கு தாண்டியது. 2017 ஜிடி3-ல் மேனுவல் திரும்பி வந்தது.

அந்த 2017 காரை எடுத்துக்கொண்டால், மேனுவலையும் ஆட்டோமேட்டிக்கையும் ஒரே தராசில் நிறுத்தலாம். இரண்டிலும் அதே 4 லிட்டர் என்ஜின், அதே 500 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட ஆட்டோமேட்டிக்குக்கு 3.4 விநாடி, மேனுவலுக்கு 3.9. ஆனால் உச்ச வேகத்தில் கதை மாறுகிறது. ஆட்டோமேட்டிக் 318, மேனுவல் 320. எடையிலும் மேனுவல்தான் 17 கிலோ குறைவு. உச்ச வேகத்தில் ஓடும்போது யாரும் கியர் மாற்றுவதில்லை. ஆக, ஆட்டோமேட்டிக்கின் வெற்றி முழுவதும் புறப்படும் கணத்திலும் கியர் மாறும் கணத்திலும்தான் இருக்கிறது.

கியரே எதற்கு? பெட்ரோல் என்ஜின் நின்ற நிலையிலிருந்து இழுக்காது. குறிப்பிட்ட சுழற்சிக்குக் கீழே போனால் ஆஃப் ஆகிவிடும். அதிகபட்ச வரம்பைத் தாண்டினால் உடைந்துவிடும். அதன் முழுப் பலமும் இடையில் ஒரு குறுகிய எல்லைக்குள்தான் கிடைக்கும். சக்கரமோ பூஜ்யத்திலிருந்து ஓட வேண்டும். அதனால் முதல் கியரில் சுழற்சியைக் குறைத்து முறுக்குவிசையைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கிச் சக்கரத்துக்குத் தருகிறோம். வேகம் கூடக் கூட அந்தப் பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கிறோம். ஒவ்வொரு படி மாறும்போதும் என்ஜினைச் சக்கரத்திலிருந்து ஒரு கணம் பிரித்தாக வேண்டும். மேனுவலில் அப்படிப் பிரிப்பது நம் இடது கால். அந்த நேரத்தில் கார் முந்தைய வேகத்தின் உந்தலில்தான் உருள்கிறது. என்ஜினின் பங்கு பூஜ்யம்.

இந்த இடைவெளியை ஒழிக்க ஒரு வழியை 1939-லேயே யோசித்தவர் பிரான்சின் அடால்ப் கெக்ரஸ். ஒன்றுக்குப் பதில் இரண்டு கிளட்ச். 1, 3, 5 ஆகிய ஒற்றைப்படை கியர்கள் ஒரு தண்டில். 2, 4, 6 இன்னொரு தண்டில். மூன்றாவது கியரில் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காவது கோக்கப்பட்டுத் தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விடும்போதே மற்றொன்று பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்குப் போகும் இழுவை அறுபடாது. யோசனை பிரமாதம். ஆனால் எந்தக் கியரை முன்கூட்டியே கோத்து வைப்பது என்று கணிக்க, நொடிக்கு நொடி முடிவெடுக்கும் ஒரு கணினி வேண்டும். 1980-களில் போர்ஷே தன் 962 பந்தயக் காரில் அதைச் சாதித்தது. சாலைக்கு வர இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 அந்தக் கதவைத் திறந்தது.

இதற்கிடையே 1989-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இன்னொரு திருப்பம். ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640-ல் கியர் லீவரே கிடையாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு சிறு நெம்புகோல்கள். அது பந்தயம் முழுக்க ஓடி முடிக்கும் என்று பலரும் நம்பவில்லை. ரியோவில் நடந்த சீசனின் முதல் பந்தயத்திலேயே நைஜல் மேன்செல் அதை ஓட்டி ஜெயித்துவிட்டார். சில ஆண்டுகளில் மற்ற அணிகளும் அதே பாதைக்கு வந்துவிட்டன. வேகத்துக்காக மேனுவல் என்ற வாதம் அதோடு முடிந்தது. இன்றைக்கு யாராவது மேனுவல்தான் வேகம் என்று சொன்னால், அவர் சொல்வது பழைய செய்தி.

அப்படியானால் அந்தப் பெடலில் என்னதான் இருக்கிறது? ஒரு மலைப்பாதையில் கவனித்தால் விளங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை நெருங்குகிறீர்கள் என்று வையுங்கள். மூன்றாவது கியர், நிமிடத்துக்கு 2,000 சுழற்சி. வளைவுக்குள் இரண்டாவது வேண்டும். அதே வேகத்துக்கு இரண்டாவது கியரில் என்ஜின் சுமார் 2,800-ல் சுழல வேண்டும். கிளட்சை மிதித்து, லீவரை இழுத்து, அப்படியே காலை எடுத்தால் அந்த 800 சுழற்சி வித்தியாசத்தை யார் ஈடுகட்டுவது? கிளட்ச் பிளேட் தேய்ந்து ஈடுகட்டும். கார் முன்பக்கம் குனிந்து குலுங்கும். கைதேர்ந்தவர் வேறுவிதமாகச் செய்வார். வலது காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்தியபடியே இருக்கும்; அதே காலின் ஓரம் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டும். என்ஜின் ஒரு முறை உறுமி 2,800-ஐத் தொடும். அந்த நொடியில் கிளட்சை விட்டால், கியர் மாறியதே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. இரண்டு காலும் ஒரு கையும் காதும் சேர்ந்து ஒரு சமன்பாட்டைத் தீர்க்கின்றன. கூடுதல் சுழற்சியா குறைச்சலா என்று கிளட்ச் உடனுக்குடன் பாதத்துக்குச் சொல்லிவிடும். இந்தப் பதில்தான் மேனுவலின் உயிர். ஆட்டோமேட்டிக்கும் இதே கணக்கைத் தானே போட்டு, தானே ஆக்சிலரேட்டரைத் தட்டுகிறது, நம்மைவிடத் துல்லியமாக. ஆனால் விடையை நம்மிடம் சொல்வதில்லை.

ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் இரட்டை கிளட்ச், டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, ஏஎம்டி என நான்கு வேறு இயந்திரங்கள் விற்கப்படுவதுதான் வாங்குபவரைக் குழப்புகிறது. அவற்றில் மதிப்பு குறைத்துப் பேசப்படுவது டார்க் கன்வெர்ட்டர். 1905-ல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபாட்டிங்கர் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்தது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழற்றினால் அந்தக் காற்றில் மற்றதும் சுழலுமே, அப்படி எண்ணெய் வழியாக விசை போகிறது. உராயும் பிளேட் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மூன்றாவது சக்கரம் எண்ணெயைத் திருப்பி அடிப்பதால், புறப்படும்போது முறுக்குவிசை ஏறத்தாழ இரட்டிப்பாகவும் செய்யும். மூன்று நான்கு கியர் மட்டும் இருந்த காலத்தில் இது மந்தம் என்று பெயரெடுத்தது. இன்று எட்டு கியர். ஓடத் தொடங்கியதும் வழுக்கலைப் பூட்டிவிடும் தனி கிளட்ச். 2017-ல் பிஎம்டபிள்யூ தன் எம்5 காரில் இரட்டை கிளட்சைக் கைவிட்டு இதற்கே திரும்பியது என்றால் மேலும் சாட்சி வேண்டாம்.

சிவிடி-யின் கதை விசித்திரமானது. அதில் படிகளே இல்லை; பெருக்கம் தொடர்ச்சியாக மாறும். என்ஜினை எப்போதும் உச்ச பலத்திலேயே வைத்திருக்கலாம். 1993-ல் வில்லியம்ஸ் அணி ஃபார்முலா ஒன் காரில் அதைப் பொருத்திச் சோதித்தது. அது பந்தயத்துக்கு வருமுன்பே விதிகள் மாறித் தடையானது. சாலைக் காரிலோ, வேகம் ஏறும்போதும் என்ஜின் ஒரே சுருதியில் இரைவதால் ஸ்போர்ட்டி உணர்வு எழுவதில்லை. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸையே ஒரு இயந்திரக் கை இயக்குவது. மைலேஜுக்கும் விலைக்கும் நல்லது. விரட்டி ஓட்டுவதற்கு அல்ல. ஸ்போர்ட்டி காருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரட்டை கிளட்சுக்கும் ஒரு பலவீனம் உண்டு. நம் நகரங்களில் அதுதான் முதலில் வெளிப்படும். சிறிய கார்களில் வருபவை பெரும்பாலும் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து போகும்போது நாம் ஹாஃப் கிளட்சில் ஓட்டுவதைத்தான் அதுவும் செய்கிறது. வெப்பம் ஏறிக்கொண்டே போகும். ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டராலேயே காரைப் பிடித்து நிறுத்துவது அதற்கு விஷம். எண்ணெயில் இயங்கும் ஈர கிளட்ச் இந்தச் சூட்டைத் தாங்கும்.

இனி, எந்தக் காருக்கு எது? இங்கே பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. காரின் பலம் கூடக் கூட, சாலையில் மேனுவலுக்கு வேலை குறைகிறது. போர்ஷே கேமன் ஜிடி4 காரின் இரண்டாவது கியரே 130 கி.மீ.-ஐத் தாண்டிவிடும். அதாவது சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டினால், அந்த என்ஜினை அதன் உச்சத்தில் வைத்து மூன்றாவது கியருக்கு மாற்றும் வாய்ப்பே அமையாது. அவ்வளவு அருமையான லீவர் சும்மா கிடக்கும். மாறாக, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன் காரைப் பாருங்கள். 1 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன். ஆறு கியர் மேனுவலும் ஏழு கியர் இரட்டை கிளட்சும் உண்டு. 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1,500 முதல் 4,000 சுழற்சி வரை கிடைக்கிறது. 1,500-க்குக் கீழே விழுந்தால் டர்போ உறங்கிவிடும். அதை விழித்திருக்க வைப்பது ஓட்டுபவரின் பொறுப்பு. இப்படிப்பட்ட சிறிய என்ஜினில்தான் ஒவ்வொரு கியரும் பயன்படுகிறது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பலன் தெரிகிறது.

அதனால் என் தீர்ப்பு, பொதுவாகச் சொல்லப்படுவதற்கு நேர் எதிர். 400 குதிரைத்திறனுக்கு மேல் என்றால் சாலைக்கு ஆட்டோமேட்டிக் போதும். அந்த வேகத்தில் இரு கையும் ஸ்டீயரிங்கில் இருப்பதே நல்லது. நூறு, நூற்றைம்பது குதிரைத்திறன் கார் என்றால், மூட்டுவலியோ தினசரி இரண்டு மணி நேர நெரிசலோ இல்லாதவர்கள் மேனுவலை எடுக்கலாம். நெரிசல்தான் வாழ்க்கை என்றால் தயங்காமல் டார்க் கன்வெர்ட்டர், அடுத்து ஈர கிளட்ச். மின்சாரக் காரில் இந்தக் கேள்வியே எழாது. மோட்டார் பூஜ்யத்திலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருகிறது. அதில்கூட 2023-ல் வந்த ஹூண்டாய் ஐயானிக் 5 என், இல்லாத எட்டு கியர்களைக் குலுக்கலோடும் சத்தத்தோடும் நடித்துக் காட்டுகிறது.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் தரும்போது காலியான காலை நேரச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். மாலை ஆறு மணிக்கு, நெரிசலான மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று கிளம்பிப் பாருங்கள். நீங்கள் வாங்கப் போகும் அதே கியர்பாக்ஸ் உள்ள காரையே கேளுங்கள். இல்லை என்றால், வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.