ஊட்டி நீலப்பூ நெம்மேலி மணலில் பூக்குமா?

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ சுற்றுலா போய்த் திரும்பும் வண்டிகளில் கேரட்டும் வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் மட்டும் வருவதில்லை. செய்தித்தாளில் சுற்றிய இரண்டு செடியாவது கூடவே வரும். அந்தச் செடிகளில் அகபாந்தஸுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. இடுப்பளவு உயர்ந்த தண்டு, அதன் உச்சியில் இரண்டு கையாலும் ஏந்தும் அளவுக்கு நீலப் பூப்பந்து. மலைப் பூங்காக்களின் நடைபாதை ஓரத்தில் வரிசையாக நிற்கும் அதைப் பார்த்தவர்களுக்கு, வீட்டு வாசலில் ஒன்று வைத்துப் பார்க்க ஆசை வராமல் இருக்காது.

கீழே இறங்கியதும் கதை மாறிவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலி, திருவிடந்தை, வடநெம்மேலி பக்கத்து மணலில் வைத்தால் முதல் ஆண்டு இலை விடும். இரண்டாம் ஆண்டும் இலைதான் விடும். ஐப்பசி மழையில் கிழங்கு அழுகி, ஒருநாள் இழுத்தால் கையோடு வந்துவிடும். 'நம்ம கை ராசி சரியில்லை' என்று வீட்டுப் பெண்கள் நொந்துகொள்வார்கள். கை ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வெங்காயத்துக்கு உறவு

அகபாந்தஸின் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. ஆங்கிலத்தில் நைல் நதி லில்லி என்று ஒரு பெயர் இருந்தாலும், நைல் நதிக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. கிரேக்க மொழியில் அன்பு, பூ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் இது. தாவரவியலில் இது வெங்காயம், பூண்டு அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. தோட்டங்களில் வளர்வது பெரும்பாலும் அகபாந்தஸ் பிரீகாக்ஸ் என்ற இனமும் அதன் கலப்புகளும்தான்.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெங்காயக் குடும்பம் என்றாலும் இதற்கு வெங்காயம் போன்ற குமிழ் கிடையாது. மண்ணுக்குள் படுத்திருக்கும் கிழங்கும், அதிலிருந்து கிளம்பும் தடித்த வெள்ளை வேர்களும்தான் உண்டு. 'நீல லில்லி பல்பு' என்று சொல்லி, உலர்ந்த வெங்காயம் மாதிரி உருண்டையாக எதையாவது பார்சலில் அனுப்பினால் அது அகபாந்தஸ் இல்லை என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். விதையில் வளர்த்தால் பூவைப் பார்க்க மூன்று ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். விதையிலிருந்து வரும் செடி தாய்ச்செடியின் நிறத்திலேயே பூக்கும் என்றும் சொல்ல முடியாது.

மணலில் என்ன தடை?

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், சில நாள் உறைபனியும் விழும். நெம்மேலிக் கடற்கரையில் மார்கழிக் குளிர் என்று நாம் போர்த்திக்கொண்டு படுக்கும் இரவில்கூட 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். அகபாந்தஸ் நன்றாகப் பூக்க வேண்டுமானால் குளிர்ந்த இரவுகள் கொண்ட ஓய்வுக்காலம் ஒன்று வேண்டும். இந்தக் கடற்கரையில் அது கிடைப்பதில்லை. அதனால்தான் செடி இலையை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அடுத்த தடை தண்ணீர். நெம்மேலி என்றால் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைதான். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் ஆலை 2013-லும், 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024-லும் திறக்கப்பட்டன. அந்தத் தண்ணீர் நகரத்துக்குப் போகிறது. ஊருக்குள் தோட்டம் போடுகிறவருக்குக் கிணறும் போரும்தான் கதி.

கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவே ஒரு மணல் திட்டு. இந்த மணலுக்குள் மழைநீர் இறங்கி, உப்புநீரின் மேல் மிதக்கிறது. உப்புநீர் கனமானது, நல்ல நீர் லேசானது என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 1 அடி உயரத்துக்கு நின்றால், அதன் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல நீர் இருக்கும் என்பது நிலத்தடிநீர் வல்லுநர்களின் கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். மோட்டாரை ஓடவிட்டு நீர்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழிருந்து உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலே ஏறிவரும். 'போன வருஷம் நல்லா இருந்த போர், இந்த வருஷம் உவர்ப்பு' என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான். அந்தக் காலத்தில் இந்தக் கரையோரத்தில் ஆழமில்லாத உறைகிணறு போட்டு, ஏற்றமோ கையோ வைத்து மேல்தண்ணீரை மட்டும் அள்ளினார்கள். அவர்கள் அறிந்தே செய்த வேலை அது.

தோட்டத்துத் தண்ணீர் எப்படி என்று அறிய, மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு பாட்டில் கொடுத்து மின் கடத்துத்திறன் பார்க்கச் சொல்லலாம். செங்கல்பட்டு மாவட்ட விவசாயிகள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். அளவு 0.75-க்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பூச்செடிகளுக்கு ஆகாது. பரிசோதனைக்குப் போக நேரமில்லை என்றால், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, இலை நுனி பழுப்பாகக் கருகுகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஆசையை விட முடியாதவர்களுக்கு

அப்படியும் வைத்துத்தான் பார்ப்பேன் என்பவர்கள் தரையில் வைக்க வேண்டாம், தொட்டியில் வைக்கலாம். அடியில் ஓட்டை பெரிதாக உள்ள மண்தொட்டி நல்லது. தோட்டத்துச் செம்மண், உப்பில்லாத ஆற்று மணல், மக்கிய தொழுஉரம் மூன்றையும் சம அளவு கலக்கலாம். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதாக இருந்தால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிச் சேர்க்க வேண்டும். அதில் ஏற்கெனவே உப்பு இருக்கும். கிழங்கின் தலை மண் மட்டத்தில் தெரிய வேண்டும், ஆழப் புதைத்தால் அழுகும்.

காலை வெயில் முழுதாகப் படட்டும். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் நிழல் வேண்டும். மழைக்காலத்தில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிட வேண்டும். கார்த்திகை தொடங்கித் தை வரை தண்ணீரைக் குறைத்து, செடியை மொட்டைமாடி போன்ற திறந்த, குளிர்ந்த இடத்தில் வைத்தால் கொஞ்சமாவது ஓய்வு கிடைக்கும். மழை பெய்யும் நாட்களில் மட்டும் அதை உள்ளே எடுக்கலாம். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்லது இல்லை.

பூவுக்குச் சாம்பல் சத்து தேவை என்று அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடுவது வழக்கம். உவர்மண்ணில் அது வேண்டாம், மண்ணின் காரத்தன்மை இன்னும் ஏறிவிடும். கடையில் வாங்கினாலும் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கிறது. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கேட்டு வாங்கி, ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றினால் போதும். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து நடலாம். இத்தனையும் செய்தாலும் மலையில் பூப்பது போல இங்கே பூக்காது. அதைத் தெரிந்துகொண்டு செலவு செய்வது நல்லது.

கரையிலேயே இருக்கும் உறவுக்காரர்

அகபாந்தஸின் சொந்தக்காரர் ஒருவர் இந்தக் கரையிலேயே காலங்காலமாக இருக்கிறார். விஷமூங்கில். நர்சரிக்காரர்கள் கிரைனம் லில்லி என்பார்கள். அகலமான பச்சை இலை, நடுவே தடித்த தண்டு, உச்சியில் இருபதுக்கு மேற்பட்ட வெள்ளைப் பூக்கள். இதழ் மெலிந்து நீண்டு பின்னால் வளைந்திருக்கும். மாலையில் வாசம் வாசல் வரை வரும். ஆசியக் கடற்கரைகள்தான் இதன் தாய்வீடு. நெல்லிக்காயைவிடப் பெரிதான இதன் விதை கடல்நீரில் மிதந்து போய், ஒதுங்கிய மணலில் முளைக்கும். உப்புக்காற்றுக்கு இதைவிடப் பழகிய பூச்செடியைத் தேடிப்பிடிப்பது கடினம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட காற்றில் இலை கிழிந்தாலும், மண்ணுக்குள் குமிழ் இருக்கும்வரை இந்தச் செடி மறுபடி துளிர்க்கும்.

வளர்ப்பது எளிது. தாய்ச்செடியின் பக்கத்தில் வரும் கன்றுகளை வேரோடு பிரித்து, ஆடி, ஆவணியில் 3 அடி இடைவெளியில் நடலாம். குமிழின் கழுத்து மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். விதையைப் புதைக்கத் தேவையில்லை, ஈரமண்ணின் மேல் வைத்தாலே முளைவிடும். குழிக்கு ஒரு கூடை தொழுஉரம் போட்டால் ஆண்டு முழுவதும் தாங்கும். வேர் பிடித்த பின் கோடையில் வாரம் ஒரு தண்ணீர் போதும். வரப்போரத்திலும், தென்னைக்கு நடுவிலும், சவுக்குத் தோப்பின் ஓரத்திலும் வளரும்.

இடம் குறைவாக உள்ளவர்களுக்கு ஸ்பைடர் லில்லி பொருந்தும். அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்ட செடி. ஒன்றரை அடி இடைவெளி போதும்.

கடற்கரைச் சாலையின் விடுதிகளிலும் பண்ணை வீடுகளிலும் நடைபாதை ஓரத்துக்கு இந்த இரண்டையும்தான் வரிசை வரிசையாக நடுகிறார்கள். வெளியூர் நர்சரிகளிலிருந்து லாரியில் வந்து இறங்கும் செடிகள்தான் பெரும்பாலும். உள்ளூர் மணலில், உள்ளூர் தண்ணீரில் வளர்ந்த கன்றுக்குப் பட்டுப்போகும் பயம் குறைவு. அரை சென்ட் இடத்தில் தாய்ச்செடிகளை வைத்துக் கன்று பிரித்துப் பையில் வளர்க்கிற வேலை வீட்டிலிருக்கும் பெண்களுக்குத் தோதானது. ஆனால் நூற்றுக்கணக்கில் பை நிரப்புவதற்கு முன், தோட்ட வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசி, எத்தனை செடி எடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்வது அவசியம். பூச்சந்தை போல தினமும் விற்கும் சரக்கு இல்லை இது.

பெயரிலேயே விஷம்

விஷமூங்கில் என்ற பெயர் சும்மா வைத்ததில்லை. குமிழிலும் இலையிலும் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. ஸ்பைடர் லில்லியிலும் அதே நஞ்சு உண்டு. வெங்காயம் என்று நினைத்துக் குமிழைத் தின்றால் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அகபாந்தஸின் சாறும் வாயையும் தோலையும் அரிக்கும்.

நிற்கும் செடியை ஆடு பெரும்பாலும் தொடாது. வெட்டிப் போட்ட இலை புல்லுக்கட்டோடு கலந்துபோவதுதான் ஆபத்து. கழித்த இலைகளை மாட்டுக்கொட்டகைப் பக்கம் போடாமல் தனியே குழியில் போட வேண்டும். கன்று பிரிக்கும்போது கையுறை போடுவதும், பிரித்த குமிழைச் சமையலறைப் பக்கம் வைக்காமல் இருப்பதும் நல்லது. குழந்தைகள் வாயில் வைத்துவிட்டால் வாயைக் கழுவிவிட்டு, செடியின் துண்டு ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கூடாது. மாடு தின்றுவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இந்தச் செடிகளுக்கு ஒரு புழு உண்டு. மழை தொடங்கியதும் கறுப்பு உடலில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளோடு கூட்டமாக வரும். இரண்டு மூன்று இரவில் இலை முழுவதையும் தின்று, கழுத்துவரை இறங்கிவிடும். செங்காந்தளையும் இதே புழு தாக்கும். இலையின் அடியில் முட்டைக் குவியலாக இருக்கும்போதே இலையோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டால் மருந்து தேவைப்படாது. பிந்திவிட்டால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 1 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப் கரைத்து மாலையில் தெளிக்கலாம். கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும் என்பதால் செடியைச் சுற்றி லேசாகக் கொத்திவிட்டால் கோழிகள் பொறுக்கிக்கொள்ளும்.

நீலம்தான் வேண்டும் என்றால்

விஷமூங்கில் வெள்ளை, நீலமில்லை. நீலத்துக்கு ஆசைப்பட்டவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நீலக் கொடிவேலி என்கிற பிளம்பாகோவும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். வெளிர்நீலப் பூங்கொத்து, சமவெளி வெயிலில் தயங்காமல் பூக்கிறது. தண்டை வெட்டி வைத்தாலே வேர்விடும். உப்புக்காற்று நேராக அடிக்காத சுவரோரம் இதற்கு ஏற்றது. வேலியில் ஏற்ற சங்குப்பூ இருக்கிறது.

அடுத்து டிசம்பர் பூ. கார்த்திகை, மார்கழியில் ஊதாவாகப் பூத்துக் குலுங்கும் இதைக் கனகாம்பரத்தோடு சேர்த்துக் கட்டினால் சந்தையிலும் போகும், தலையிலும் ஏறும். விதையிலும் வரும், குச்சியிலும் வரும். ஆனியில் குச்சி நட்டு, பூ முடிந்த தை மாதம் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிட்டால், அடுத்த ஆண்டு கிளை பெருகிப் பூவும் கூடும்.