கடவுச்சொல்லை மென்பொருளிடம் ஏன் ஒப்படைக்கக் கூடாது?

ராஜபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலில் வேரூன்றிய ராம்கோ குழுமம், 1997-இல் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற தனி மென்பொருள் நிறுவனத்தை அமைத்தது. சம்பளம், சரக்கிருப்பு, கணக்கு என அலுவலகத்தையே நடத்தும், அந்நிறுவனம் தருவது போன்ற வணிக மென்பொருள்கள், உள்ளே வருபவர் யார் என்பதைத் தாமே முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொன்றும் தனிக் கடவுச்சொல் பட்டியல் வைத்தால், வேலையை விட்டுப் போனவரின் பெயர் ஏதோ ஒன்றில் நீக்கப்படாமல் தங்கிவிடும். எல்லாம் நிறுவனத்தின் ஒரே பயனர் கோப்பகத்தைக் கேட்டால், அங்கே கணக்கை முடக்கியதும் ராஜபாளையம் ஆலையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையிலும் அவரால் புதிதாக நுழைய முடியாது.

கேட்கும் விதத்தில்தான் பாதுகாப்பு இருக்கிறது. கோப்பகத்தைக் கேட்பதற்கென 1993-இல் வரையறுக்கப்பட்ட எல்டாப் (LDAP) நெறிமுறையின் எளிய வடிவில், மென்பொருள் கடவுச்சொல்லை வாங்கிக் கோப்பகத்திடம் காட்டுகிறது. இணைப்பு மறையாக்கப்படாவிட்டால் அதை வழியிலேயே திருடலாம். அமெரிக்காவின் எம்ஐடியில் 1980-களில் உருவாகி, விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசாஃப்டின் கோப்பகமான ஆக்டிவ் டைரக்டரியில் இடம்பெற்ற கெர்பரோஸ் நெறிமுறை எனக்கு மேலானதாகப் படுகிறது. அதில் கடவுச்சொல் வலையமைப்பில் பயணிப்பதே இல்லை. கடவுச்சொல்லிலிருந்து பிறக்கும் சாவியால் பயனரின் கணினி அப்போதைய நேரத்தைப் பூட்டி அனுப்பும். கோப்பகச் சேவையகம் திறந்து பார்த்து நுழைவுச்சீட்டு தரும். மென்பொருள் பார்ப்பது சீட்டை மட்டுமே. நேரத்தை வைத்தே சோதிப்பதால், கணினிகளின் கடிகாரங்கள் பொதுவாக ஐந்து நிமிடத்துக்கு மேல் முரண்பட்டால் அனுமதி கிடைக்காது.

ஒரே கோப்பகம் படுத்துவிட்டால் எல்லாம் படுத்துவிடுமே என்பார்கள். நியாயமான அச்சம்தான், அதற்காகவே கிளைகளிலும் அதன் நகலை வைக்கிறார்கள். ஒரு கடவுச்சொல் திருடுபோனால் எல்லாக் கதவும் திறக்குமே என்பது இன்னும் கனமான ஆட்சேபம். இரண்டாம் அடையாளச் சோதனையைக் கட்டாயமாக்காத நிறுவனத்தில் அந்த ஆட்சேபம் அப்படியே நிற்கிறது.