வன்தட்டில் பாதி இடம் எங்கே போனது?

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் அதன் தேர்களும் 1983 யூலை வன்செயலில் எரிக்கப்பட்டன. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல, 2009 வரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. அந்த ஓட்டங்களில் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, காணாமற்போன பிள்ளையின் ஒரேயொரு படம் என எத்தனையோ கைவிட்டுப் போயின.

மிஞ்சியவற்றை ஸ்கேன் செய்தும், முதியவர்களின் சாட்சியங்களை வீடியோவாகப் பதிந்தும் இன்று வன்தட்டுகளில் சேர்த்து வைக்கிறோம். அதற்கென வாங்கிய 4 டெராபைட் வன்தட்டைக் கணினியில் பொருத்தினால், சில வேளை 2 டெராபைட் இடத்தை மட்டுமே பயன்படுத்த முடிகிறது. அநேகமாகத் தட்டில் பழுது இருக்காது. அவசரப்பட்டு எதையும் அழித்துவிடாதீர்கள்.

முதலில் ஒரு சிறு குழப்பத்தைத் தீர்ப்போம். வன்தட்டு நிறுவனங்கள் 1,000 ஆல் பெருக்கிக் கணக்கிடுகின்றன. விண்டோஸ் 1,024 ஆல் கணக்கிடுகிறது. அதனால் 1 டெராபைட் தட்டு 931 ஜிபி என்றும், 4 டெராபைட் தட்டு சுமார் 3,725 ஜிபி என்றும் தெரியும். இது இழப்பல்ல.

ஆனால் 2,048 ஜிபியோடு நின்றுவிட்டால் காரணம் வேறு. தட்டின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய முறை எம்பிஆர். அது முகவரிக்கு 32 பிட் இடமே தருகிறது. 512 பைட் கொண்ட 429 கோடி கூறுகளுக்கு மேல் அதனால் எண்ணிட முடியாது. தோட்டத்து லயன் வீடுகளை நினைத்துப் பாருங்கள்: வீடு இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், தனி முகவரி இல்லாததால் கடிதம் வீட்டு வாசலுக்கு வராது. மிச்ச இடத்தின் நிலையும் அதுதான்.

புதிய முறையான ஜிபிடி 64 பிட் முகவரி தருகிறது. விண்டோஸில் 'டிஸ்க் மனேஜ்மென்ட்' பகுதியைத் திறந்து பாருங்கள். சுமார் 1,677 ஜிபி 'அன்அலொகேட்டட்' எனக் கறுப்புக் கோட்டின் கீழ் தெரிந்தால், தட்டு எம்பிஆர் முறையில் இருக்கிறது. தட்டு வெறுமையானதென்றால், அதிலுள்ள பிரிவை நீக்கி, தட்டின் பெயர்மேல் வலது கிளிக் செய்து ஜிபிடிக்கு மாற்றுங்கள். பின்னர் புதிய பிரிவை உருவாக்குங்கள். முழு இடமும் கிடைக்கும்.

தட்டில் ஏற்கெனவே கோப்புகள் இருந்தால், பிரிவை நீக்கும்போது அவையும் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் வேறொரு தட்டுக்குப் பிரதி எடுங்கள். சில கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதிசெய்த பின்பே மாற்றுங்கள். கோப்புகள் உள்ள தட்டைப் பொருத்தும்போது 'ஃபோர்மட்' செய்யவா, 'இனிஷியலைஸ்' செய்யவா என்று கணினி கேட்டால், வேண்டாமென்று மூடிவிடுங்கள்.

32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஜிபிடி தட்டைப் படிக்காது. விஸ்டாவும் அதற்குப் பின் வந்தவையும் படிக்கும். தட்டை வெளியே பொருத்தும் பழைய யுஎஸ்பி பெட்டிகள் சிலவும் 2 டெராபைட்டைத் தாண்டுவதில்லை. அப்போது பெட்டியை மாற்றிப் பாருங்கள்.

எத்தனை பெரிய தட்டானாலும் ஒருநாள் பழுதாகும். ஒரு பிரதி மாத்தளையில் இருந்தால், இன்னொன்று வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஒரே இடத்தில் வைத்ததை இழந்த அனுபவம் நமக்குப் போதும்.