திறப்பை யாரிடம் கொடுப்பது?

ஊர் வாசிகசாலை ஒன்றை நினைத்துப் பாருங்கள். காலையில் அதன் கதவு திறந்ததும் யாரும் உள்ளே போகலாம்; பத்திரிகையைப் புரட்டலாம்; விரும்பிய நூலை எடுத்து வாசிக்கலாம். நீ யார், எவர் வீட்டுப் பிள்ளை என்று கேட்பாரில்லை. ஆயினும் மாலையிற் கதவைப் பூட்டித் திறப்பைக் கையோடு கொண்டுபோகிறவர் ஒருவரே. அத்திறப்பை அவரிடம் ஒப்படைக்குமுன் ஊரவர் கூடி யோசித்திருப்பர். வாசிப்பு எல்லோர்க்கும் உரியது. திறப்பு நம்பிக்கைக்கு உரியவர்க்கே உரியது.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, திறந்த மூல மென்பொருளின் நிரலை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்கிறார்களே. அப்படியானால் கெட்டவன் ஒருவனும் திருத்திவிட மாட்டானா?" நல்ல கேள்வி. வாசிகசாலையின் திறப்பை நினைவில் வைத்துக்கொண்டே அதற்கு விடை தேடுவோம்.

கணினிக்கு மனிதர் எழுதும் கட்டளைத் தொகுதியே நிரல். அதை மறைத்து வைக்காது உலகறிய வெளியிட்டு, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை அளித்தால் அது திறந்த மூலம். பின்லாந்து தேசத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இன்று அன்ரொயிட் கைத்தொலைபேசி ஒவ்வொன்றின் உள்ளேயும் அது இயங்குகின்றது. அதன் நிரலைப் பிரதியெடுத்துத் தம் பிரதியில் எவரும் எத்திருத்தமும் செய்யலாம். ஆனால் மூலப்பிரதியில் கைவைக்க உரிமை பெற்றவர் சிலரே. ஏனையோர் தம் திருத்தத்தை எழுதி அனுப்புவர். உரிமையுடையோர் அதைப் படித்துப் பார்த்து, ஏற்பர் அல்லது தள்ளுவர். ஆகவே "யாரும் திருத்தலாம்" என்பதன் மெய்ப்பொருள், "யாரும் திருத்தம் சொல்லலாம்" என்பதே.

அவ்வாறாயின் அந்த உரிமை புதியவர் ஒருவர்க்கு எவ்வாறு கிடைக்கின்றது?

டெபியன் காட்டிய வழி

அமெரிக்க மாணவரான இயன் மேர்டொக் 1993 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 ஆந் திகதி டெபியன் என்னும் திட்டத்தை அறிவித்தார். லினக்சையும் அதனோடு சேர்ந்தியங்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களையும் ஒன்றுசேர்த்து, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வழங்குவது அதன் பணி. தொடக்கத்திற் சேர்ந்தவர் ஒருசிலரே. தொகை பெருகியபோது, வருகிறவர் யார், தகுதி என்ன என்பதை ஆராய ஒழுங்கான முறையொன்று வேண்டியதாயிற்று. ஆதலால் 1999 ஆம் ஆண்டிற் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவைத்து, 2000 ஆம் ஆண்டிற் புதிய நடைமுறையோடு கதவை மீண்டுந் திறந்தனர்.

அந்நடைமுறை ஒரு நல்ல குடும்பத்திற் சம்பந்தம் பேசுவதைப் போன்றது, அவசரமில்லை. முதலிற் புதியவர் சில காலம் வேலை செய்து காட்டவேண்டும். அவருடைய வேலையைக் கண்ட பழைய உறுப்பினர் அவருக்காகப் பரிந்துரைக்க வேண்டும். பின்னர் ஒருவர் அவரோடு கடிதப் போக்குவரத்து நடத்தி, திட்டத்தின் கொள்கைகளை அறிந்திருக்கிறாரா, தொழிலிற் தேர்ச்சி உண்டா என்று பரீட்சிப்பார். அதன் பின்னரே கணக்குப் பொறுப்பாளர் சம்மதம் வழங்குவர். சம்மதம் கிடைத்தபின் கணக்குத் திறக்கப்படும். இதற்குச் சில மாதங்கள் செல்லும். சிலருக்கு அதற்கு மேலும் செல்லும்.

எல்லோர்க்கும் ஒரே அளவான உரிமையும் இல்லை. 2007 ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட "பராமரிப்பாளர்" என்னும் படியில் நிற்பவர், தமக்குக் குறித்துக் கொடுக்கப்பட்ட பொதிகளை மட்டுமே வெளியிடலாம். முழு உறுப்பினர்க்கே எல்லாப் பொதிகளிலும் உரிமை. வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஓர் அணுவும் உரிமை கொடுக்கலாகாது என்பதே இத்துறையின் முதல் விதி. சமையலறைக்குப் பொறுப்பானவரிடம் நகைப்பெட்டியின் திறப்பையும் சேர்த்துக் கொடுப்பாருண்டோ?

ஏனைய திட்டங்களிலும் இதே நோக்கமே வேறு வேறு வடிவம் பெறுகின்றது. அப்பாச்சித் திட்டங்களிற் பொறுப்பாளர் கூடி வாக்களித்தே புதியவரை அழைப்பர். அவர் உடன்படிக்கையொன்றிற் கையொப்பமிட்ட பின்னரே கணக்குக் கிடைக்கும். பிரீபிஎஸ்டி திட்டத்திற் புதியவர்க்கு ஒரு வழிகாட்டி நியமிக்கப்படுவார். அவர் விடுவிக்கும் வரை சீடன் செய்யும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் அவர் இசைவு வேண்டும். குருகுல வாசத்தை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

திறப்பும் முத்திரையும்

நேரிற் காணாத ஒருவரை அவர்தாம் என்று அறிவது எப்படி? இதற்கு இரட்டைத் திறப்பு முறை கைகொடுக்கின்றது. ஒவ்வொருவரும் தம் கணினியில் ஒரு சோடித் திறப்புகளை உண்டாக்குவர். ஒன்று இரகசியமானது, உரியவர் கையை விட்டு அது நீங்கலாகாது. மற்றையது பகிரங்கமானது, யாரிடமும் கொடுக்கலாம். இரகசியத் திறப்பால் இட்ட முத்திரையைப் பகிரங்கத் திறப்பால் எவரும் சரிபார்க்கலாம். ஆனால் அதைக்கொண்டு போலி முத்திரை இட முடியாது.

டெபியன் உறுப்பினர் நேரிற் சந்திக்கும்போது ஒருவர் மற்றவரின் கடவுச்சீட்டு முதலிய அடையாளப் பத்திரங்களைப் பார்த்து, திறப்பின் கைரேகை போன்ற நீண்ட குறியீட்டை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, "இத்திறப்பு இவருடையதே" என்று தம் முத்திரையை அதன்மேல் இடுவர். இவ்வாறு சாட்சிக்குச் சாட்சியாகப் பின்னப்பட்டதே அவர்களின் நம்பிக்கை வலை.

ஒரு கடவுச்சொல் களவுபோனபோது

இவ்வளவு காவல் எதற்கு என்று கேட்பார் உளர். 2003 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டெபியன் உறுப்பினர் ஒருவரின் கடவுச்சொல் களவுபோயிற்று. அது சாதாரணக் கணக்கே. பெரிய அதிகாரம் எதுவும் அதற்கில்லை. எனினும் உள்ளே நுழைந்தவன் லினக்சில் அப்போதிருந்த ஒரு பழுதைப் பயன்படுத்தி முழு அதிகாரத்தையும் கைப்பற்றினான். திட்டத்தின் பல கணினிகள் அவன் வசமாயின. மென்பொருட் களஞ்சியம் தப்பியது. ஆயினும் உறுப்பினர் எல்லோருடைய கணக்குகளும் பூட்டப்பட்டன. ஒருவரின் இழப்பால் அனைவரும் வாசலில் நிற்க நேர்ந்தது.

இதனினுங் கொடியது 2024 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருள், கோப்புகளைச் சுருக்கி வைப்பது. உலகமெங்குமுள்ள கணினிகள் அதைப் பயன்படுத்தின. ஆனால் அதைப் பேணியவர் பல ஆண்டுகளாக ஏறத்தாழத் தனியொருவரே. ஊதியமில்லை, உடலும் உள்ளமும் சோர்ந்திருந்தன. ஜியா டான் என்னும் பெயரில் ஒருவர் 2021 ஆம் ஆண்டு முதல் பணிவோடு திருத்தங்கள் அனுப்பி உதவினார். "வேலை மந்தமாக நடக்கிறது, வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளும்" என்று வேறு சில பெயர்களில் நெருக்குதலும் வந்தது. ஈற்றில் அந்த உதவியாளர் கையிலே திறப்புச் சேர்ந்தது. 2024 ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியான பதிப்புகளிற் கள்ள வாசல் ஒன்று ஒளித்து வைக்கப்பட்டது.

அந்திரேஸ் புரொயின்ட் என்னும் பொறியியலாளர், தம் கணினியினுட் புகுவதற்கு ஏறத்தாழ அரைச் செக்கன் கூடுதலாகச் செல்வதைக் கண்டு ஐயுற்று ஆராய்ந்தார். மார்ச் 29 ஆந் திகதி உண்மையை உலகுக்கு அறிவித்தார். டெபியனின் பரீட்சார்த்தப் பதிப்பிலும் அந்நஞ்சு கலந்திருந்தது. பொதுமக்கள் நம்பியிருக்கும் நிலையான பதிப்பை அது எட்டுமுன் தடுக்கப்பட்டது. தன் வாசலை நன்கு காத்த வீடு, அயல்வீட்டு வாசலால் ஆபத்துக்குள்ளாயிற்று. ஜியா டான் என்பவர் உண்மையில் யார் என்பது இன்னும் துலங்கவில்லை.

இங்கே நாம் யாரைக் குறை சொல்வது? ஏமாந்த அந்த மனிதரையா? அவர் உழைப்பின் பயனை உலகம் முழுவதும் துய்த்தது. பாரத்தில் பங்குகொள்ள வந்தவர் எத்தனை பேர்? நல்லோர் வராத வாசலிலே கள்ளன் வந்து நின்றான். இதுவே அதன் படிப்பினை என்று நான் கருதுகிறேன்.

இளைஞர்க்கு ஒரு சொல்

நம் நாட்டுக்கு இத்துறை அந்நியமன்று. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அழிவின்போது இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய சகனா என்னும் திறந்த மூல மென்பொருள், 2005 இல் பாகிஸ்தானிலும் 2010 இல் ஹெயிட்டியிலும் நிலநடுக்கத்தால் நலிந்தோர்க்கான நிவாரணப் பணிக்கு உதவியது. அவ்வழியில் நடக்க விரும்பும் மாணவன் திறப்பைக் கேட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. எழுத்துப் பிழையொன்றைத் திருத்தி அனுப்பட்டும். விளக்கக் குறிப்பொன்றைத் தமிழிலே பெயர்க்கட்டும். பழுதொன்றைக் கண்டால் தெளிவாக எழுதி அறிவிக்கட்டும். வேலை பேசும், திறப்புத் தானே தேடி வரும்.

வந்தபின் அதைக் காக்கும் கடமை அவனுடையது. கடவுச்சொல்லைத் தோழனோடும் பகிரலாகாது. இரண்டாவது சான்றின்றிக் கணக்கு ஒன்றும் இருத்தலாகாது. வேலையிலிருந்து விலகுங் காலத்தில், "இனி எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லித் திறப்பைத் திருப்பிக் கொடுப்பதும் பண்பே. கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்கு, பூட்டாது விட்ட பின்கதவுக்கு ஒப்பானது.

கேள்வி கேட்ட மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "கெட்டவனும் திருத்த முயல்வான், தம்பி. அவனைத் தடுப்பது பூட்டு மட்டுமன்று. அவன் எழுதியதை விழிப்போடு படித்துப் பார்க்கும் கண்களே. அக்கண்களில் இரண்டு உன்னுடையனவாக இருக்கட்டும்."