நிலக்கரிச் சுரங்கத்துத் தூசியும் அதனை அடக்கும் வகையும்

அற்பப் பொருளுக்கு உவமையாகத் தூசியைக் கூறுவர். ஆயின், நிலக்கரி தோண்டுவோர்க்கு அஃது இருமுனைப் பகையாகும். ஒரு கணத்தில் வெடித்து உயிர் குடிக்கும். அன்றேல், ஆண்டுக்கணக்காய்ச் சுவாசப்பையிற் படிந்து மெல்லக் கொல்லும்.

முதலில் வெடிப்பைக் கவனிப்போம். விறகுக்கட்டை மெல்லப் பற்றும். அதன் சீவலோ நொடியிற் பற்றும். காற்றுப் படும் பரப்பு மிகுவதே காரணம். மாவாய்ப் பொடிந்த நிலக்கரியும் அத்தகையது. சுரங்கத்தில் மெதேன் வாயு தீப்பற்றினால், அதன் அதிர்ச்சி படிந்துகிடக்கும் தூசியைக் கிளப்பும். பின்வரும் சுவாலை அதனைப் பற்றும். இவ்வாறு தீ தனக்கு வேண்டிய இரையைத் தானே தேடிக்கொண்டு ஓடும். 1844 இல் இங்கிலாந்தின் ஹாஸ்வெல் சுரங்கத்தில் 95 பேர் மாண்டபோது, ஆராயச் சென்ற மைக்கல் பரடேயும் சார்ள்ஸ் லயலும் தூசியின் பங்கைச் சுட்டிக் காட்டினர். அதனைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1906 இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் மடிந்தபின் ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று.

இதற்குக் கண்ட பரிகாரம் விந்தையானது: தூசியைத் தூசியாலேயே வெல்லுதல். வில்லியம் கார்போத் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் ஆராய்ந்து காட்டிய வழியில், கல்மாவைச் சுரங்கப் பாதையெங்கும் தூவுவர். இக்காலத்திற் பெரிதும் பயன்படுவது சுண்ணக்கல் மா. வெடிப்பு நிலக்கரித் தூசியைக் கிளப்பும்போது இதுவும் உடன் எழுந்து, வெப்பத்தை உறிஞ்சிச் சுவாலையை அவிக்கும். அமெரிக்க விதிப்படி, படிந்த தூசியில் நூற்றுக்கு 80 பங்கு எரியாப் பொருளாய் இருத்தல் வேண்டும்.

நோய் விளைப்பதோ கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய தூசி. பருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். மில்லிமீற்றரில் 200 இல் ஒரு பங்கினும் சிறியது காற்றறைகளை அடைந்து தழும்பாக்கும். அத்தழும்பை ஆற்றும் மருந்தில்லை. ஆதலின், தூசியைப் பிறக்குமிடத்திலேயே அடக்குதல் வேண்டும். இயந்திரத்தின் வெட்டுப்பற்கள் மழுங்கினால் நுண்தூசி மிகும். அவற்றைக் காலத்தில் மாற்றுவர். பற்களின் அருகே நீரைச் சிதறச் செய்வர். எஞ்சியதைக் காற்றோட்டத்தால் அகற்றி, தொழிலாளியைக் காற்று வரும் பக்கத்தில் நிறுத்துவர். முகமூடி இறுதிக் காவலேயன்றி முதற்காவலன்று.

அமெரிக்காவில் 1969 ஆம் ஆண்டுச் சட்டம் சுவாசிக்கும் தூசிக்கு எல்லை வகுத்தது. 2016 இல் அவ்வெல்லை கனமீற்றருக்கு 1.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. எனினும், மத்திய அப்பலாச்சியாவில் 25 ஆண்டுகளும் அதற்கு மேலும் உழைத்த சுரங்கத்தொழிலாளருள் ஐவரில் ஒருவர்க்கு இந்நோயின் அறிகுறி உண்டென 2018 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நிலக்கரிப் படை மெலிந்தமையால் பாறையையும் சேர்த்து வெட்ட, அதனினும் கொடிய சிலிக்காத் தூசி எழுதல் இதற்கொரு காரணமென்பர்.

வழி அறியாமையால் நேரும் இழப்பு ஒன்று. அறிந்தும் கைக்கொள்ளாமையால் நேரும் இழப்பு மற்றொன்று. பின்னதற்கு விஞ்ஞானம் பொறுப்பன்று, நாமே பொறுப்பாளிகள்.