பக்கத்து நிறம் செய்யும் மாற்றம்

ஒரு நிறத்துக்கு மூன்று பண்புகள் உண்டு. சிவப்பா, நீலமா என்பது நிறச்சாயல். எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பது ஒளிர்வு. எவ்வளவு தூய்மை என்பது செறிவு. மூன்றுமே பக்கத்து நிறத்துக்கு ஏற்பக் கண்ணுக்கு மாறித் தெரியும்.

பாரிஸின் கோப்லான் சித்திரத்திரை நெசவுக்கூடத்தில் 1824-இல் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றவர் வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரோல். கறுப்புச் சாயத்தில் அழுத்தம் இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையே இல்லை. அருகில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கவைத்தன. இதை ஆராய்ந்து 1839-இல் அவர் நூலாக வெளியிட்டார்.

விழித்திரையும் மூளையும் ஒவ்வொரு நிறத்தையும் சூழலோடு ஒப்பிட்டே உணர்கின்றன, வேறுபாட்டை மிகைப்படுத்துகின்றன. அதனால் சிவப்புப் பின்னணியில் சாம்பல் சற்றே பச்சையாகத் தோன்றும். ஓவியரின் நிறச்சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே இருப்பதும் பச்சைதான். நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா. இவை நிரப்பு நிறங்கள். அருகருகே தீட்டினால் இரண்டும் பளிச்சிடும். குழைத்தாலோ, ஒன்று எதிரொளிக்கும் ஒளியை மற்றது பெரிதும் உறிஞ்சிவிட, கலவை பழுப்பாகவோ சாம்பலாகவோ மங்கும். ஓவியத்தில் நிழல் தீட்டக் கறுப்பைவிட இந்த மங்கலே பெரும்பாலும் உயிரோட்டமானது.